எண்ணுக்குப் பரிசு வேண்டாம்: டைப் 1 குழந்தைக்கு விளையாட்டும் சென்சாரும் எப்படி உதவும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலூர் முதுநகர் பக்கம் இருக்கும் ஒரு அம்மா கேட்டிருக்கிறார். எட்டு வயது மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்து சில மாதம்தான் ஆகிறது. தினமும் நாலு ஊசி, விரலில் குத்திப் பார்ப்பது ஐந்தாறு தடவை. மீட்டர் பையைக் கையில் எடுத்தாலே பாப்பா விரலை மடக்கிக்கொண்டு அழுகிறாள். அப்பா துபாயில். "போனில் விளையாட்டு ஆப் போட்டுக் கொடுத்தால் தானாகப் பழகிவிடுவாள் என்கிறார்கள். கையில் ஒட்டுகிற சென்சார் வாங்கினால் அவர் அங்கிருந்தே சுகரைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எதை நம்பிப் பணம் போடுவது?"

நான் புதுச்சேரியில், சர்க்கரை நோய் வந்த குழந்தைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஊசி போடுவது, சாப்பாட்டை அளப்பது, சுகர் இறங்கினால் என்ன செய்வது என்றெல்லாம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது, அதனால் நீளமாகவே எழுதுகிறேன். ஊசியின் அளவை மட்டும் இங்கே சொல்ல மாட்டேன், அது உங்கள் டாக்டர் அவளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

இரண்டும் உதவும். விளையாட்டும் உதவும், சென்சாரும் உதவும். ஆனால் இரண்டுக்கும் ஒரே நிபந்தனை உண்டு. பரிசோ பாராட்டோ ஸ்டாரோ, எதுவாக இருந்தாலும் அவள் செய்த காரியத்துக்குக் கொடுங்கள்: விரலைக் காட்டினாள், ஊசிக்கு முன்னால் சாப்பிடாமல் காத்திருந்தாள், "அம்மா கை நடுங்குது" என்று தானாக வந்து சொன்னாள், இதற்கெல்லாம் கொடுங்கள். மீட்டரில் வந்த எண்ணுக்குக் கொடுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த எண் அவள் கையில் இல்லை. வளர்கிற வயது, சளி, காய்ச்சல், பரீட்சை பயம், ஒரே இடத்தில் ஊசி போட்டுப் போட்டுத் தடித்துப்போன தோல், வெயிலில் சூடான இன்சுலின், நேற்று சாயங்காலம் ஓடி விளையாடியது, எல்லாம் சேர்ந்துதான் இன்று காலை 210 என்று வந்து நிற்கிறது. அதற்காக முகத்தைச் சுருக்கினால் குழந்தை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான், மறைப்பது. எங்களிடம் வரும் நோட்டுகளில் இதைப் பார்க்கலாம். 110, 125, 118, 130 என்று பக்கம் பக்கமாக அழகான எண்கள், எல்லாம் ஒரே பேனா, ஒரே நாளில் உட்கார்ந்து எழுதிய கையெழுத்து, மூன்று மாத சராசரியான எச்பிஏ1சி மட்டும் 11 சதவீதத்துக்கு மேல் இருக்கும். மீட்டரின் மெமரியைத் திறந்தால் பாதி நாள் காலி. சில பிள்ளைகள் தம்பி விரலில் குத்திக்கூடப் பார்த்திருக்கிறார்கள். இவர்கள் யாரும் கெட்ட பிள்ளைகள் இல்லை. நல்ல எண் வந்தால் சைக்கிள் வாங்கித் தருவேன் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு விளையாட்டுக்கு வருவோம். சர்க்கரை நோய்க் குழந்தைகளுக்கு வீடியோ கேம் என்பது நேற்று வந்த யோசனை இல்லை. 1995-லேயே அமெரிக்காவில் சூப்பர் நிண்டெண்டோ என்ற கேம் கருவிக்காக 'பேக்கி அண்ட் மார்லன்' என்று ஒரு கேம் வந்தது. டைப் 1 உள்ள இரண்டு யானைக்குட்டிகள் ஒரு முகாமுக்குப் போகும், அங்கே எலிக் கூட்டம் சாப்பாட்டையும் மருந்துச் சாமான்களையும் சிதறடித்துவிடும், அதையெல்லாம் மீட்கும்போதே யானை சுகர் பார்க்க வேண்டும், ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், அளவாகச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் அது தள்ளாட ஆரம்பித்துவிடும். 8 முதல் 16 வயது வரை 59 பிள்ளைகளை வைத்து ஆறு மாதம் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு இந்த கேம், மீதிப் பேருக்கு சுகருக்குச் சம்பந்தமே இல்லாத வேறு கேம். யானை கேம் ஆடியவர்கள் அவசரமாக டாக்டரிடம் ஓடியது 77 சதவீதம் குறைந்தது. அந்தப் பிள்ளைகள் தங்கள் நோயைப் பற்றி அப்பா அம்மாவிடம் அதிகம் பேச ஆரம்பித்தார்கள் என்பதும் அதே ஆய்வில் வந்தது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. தன் சுகரைப் பற்றிப் பேசக் கூச்சப்படும் குழந்தை, யானையின் சுகரைப் பற்றித் தாராளமாகப் பேசும்.

அப்புறம் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பால் வெசல் என்று ஒரு அப்பா. அவர் மகன் குளுக்கோமீட்டரை எங்கேயாவது தொலைத்துவிடுவான், கையில் வைத்து ஆடுகிற கேம் பாய் கருவியை மட்டும் ஒருநாளும் தொலைக்க மாட்டான். சரி, மீட்டரையே கேம் பாய்க்குள் வைத்துவிட்டால் என்ன என்று யோசித்து அவர் செய்ததுதான் 'குளுக்கோபாய்'. சுகர் பார்த்தால் புள்ளி கிடைக்கும், அந்தப் புள்ளியை வைத்து கேம் ஆடலாம். 2007-ல் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. பிறகு பேயர் கம்பெனி அதே யோசனையில், நிண்டெண்டோ டிஎஸ்ஸில் செருகுகிற 'டிட்ஜெட்' என்ற மீட்டரைக் கொண்டுவந்தது. இன்று இரண்டுமே கிடைக்காது, தேடி அலைய வேண்டாம்.

அந்த மாதிரிப் பொருட்கள் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு என் கணிப்பு எளிமையானது. எட்டு வயதில் பிடித்த கேம் ஒன்பது வயதில் சலித்துவிடும், ஆனால் ஊசி அப்படியே இருக்கும். கனடாவில் டொரண்டோவில், அதாவது 1921-ல் இன்சுலினைக் கண்டுபிடித்த அதே ஊரில், 'பேன்ட்' என்று ஒரு போன் ஆப் செய்தார்கள். மீட்டரில் பார்த்த சுகர் ப்ளூடூத் வழியாகத் தானாகப் போனுக்குப் போகும், ஒழுங்காகப் பார்த்தால் பாட்டும் ஆப்பும் வாங்கிக்கொள்ளப் பரிசு கிடைக்கும். 12 முதல் 16 வயதுக்குள் 20 பேரிடம் 12 வாரம் கொடுத்துப் பார்த்தபோது, ஒரு நாளைக்கு சராசரியாக 2.4 தடவை சுகர் பார்த்தவர்கள் 3.6 தடவை பார்க்க ஆரம்பித்தார்கள். பரிசு எண்ணுக்கு இல்லை, பார்த்ததற்கு என்பதைக் கவனியுங்கள். பின்னால் 92 பேரை வைத்து ஒரு வருடம் செய்த பெரிய ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் மூன்று மாத சராசரியில் சொல்லும்படி மாற்றம் இல்லை, ஆப் வைத்திருந்தவர்களில் தினமும் ஐந்து தடவையாவது பார்த்தவர்களுக்கு மட்டும் நன்றாகக் குறைந்தது. ஆக, ஆப் குழந்தையை மீட்டர் வரைக்கும் கூட்டிக்கொண்டு வரும். வந்த எண்ணைப் பார்த்து அடுத்து என்ன செய்வது என்பதை வீட்டில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

இப்போது கிடைப்பதில் பலருக்கும் தெரிந்தது 'மைசுகர்'. வியன்னாவில் டைப் 1 உள்ளவர்களே ஆரம்பித்த ஆப், 2017-ல் ரோஷ் கம்பெனி வாங்கியது. சுகரை ஒரு குட்டி ராட்சசனாகப் படம் போட்டிருப்பார்கள், விவரம் பதியப் பதியப் புள்ளி ஏறும், ராட்சசன் அடங்குவான். நல்ல ஆப்தான், ஆனால் எட்டு வயதுத் தமிழ்க் குழந்தைக்கு நேராக எடுத்துக் கொடுக்கிற மாதிரி இல்லை. அதை நீங்கள் வைத்துக்கொண்டு, ராட்சசனை மட்டும் அவளிடம் காட்டலாம். பிளே ஸ்டோரில் இன்னும் நிறைய இருக்கும். எது இன்சுலின் எத்தனை யூனிட் போடு என்று தானாகக் கணக்குச் சொல்கிறதோ, அதை டாக்டரிடம் காட்டாமல் நம்பாதீர்கள். எது நோயே குணமாகிவிடும் என்கிறதோ அதை உடனே அழித்துவிடுங்கள். டைப் 1-ல் உடம்பு இன்சுலினைச் சுரப்பதே நின்றுபோகிறது. இனிப்பு தின்றதால் வந்ததும் இல்லை, கஷாயத்தால் போவதும் இல்லை. பாட்டி வீட்டுப் பக்கத்திலிருந்து நாட்டு மருந்து யோசனை வரும், அன்போடுதான் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு வேளைகூட ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்கு இப்போதைக்கு நான் சொல்வது, காசில்லாத மூன்று விளையாட்டு.

முதலாவது, ஊகிக்கிற விளையாட்டு. விரலில் குத்துவதற்கு முன்னால் நீங்கள் ஒரு எண் சொல்லுங்கள், அவள் ஒரு எண் சொல்லட்டும், பாட்டியும் ஒன்று சொல்லட்டும். மீட்டர் யார் பக்கம் என்று பார்ப்போம். நெருங்கிச் சொன்னவருக்கு ஒரு புள்ளி. 85 வந்தாலும் 285 வந்தாலும் புள்ளி உண்டு, இதுதான் இதில் இருக்கிற சூட்சுமம். எண் நல்லதா கெட்டதா என்ற பேச்சே எழாது, சரியாகச் சொன்னோமா என்பதுதான் கேள்வி. சில வாரத்தில் "எனக்கு வயிறு ஒருமாதிரி இருக்கு, எழுபதுதான் இருக்கும்" என்று அவளே சொல்ல ஆரம்பிப்பாள். சுகர் இறங்குவதை உடம்பு சொல்லும்போதே கண்டுபிடிப்பது இந்த நோயில் பெரிய வித்தை. குத்துவதைப் பற்றி ஒன்று, விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறையும், எந்த விரல் என்பதை அவள் தேர்ந்தெடுக்கட்டும்.

இரண்டாவது, பொம்மைக்கு ஊசி. ஊசி இல்லாத பழைய இன்சுலின் பேனாவை வைத்துப் பொம்மைக்கு அவள் ஊசி போடட்டும். பொம்மை அழும், அவள் சமாதானம் செய்வாள். என்ன சொல்லிச் சமாதானம் செய்கிறாள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். "கொஞ்சம்தான் வலிக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்பாள். அடுத்த வேளை அவளுக்குப் போடும்போது நீங்கள் அதே வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவது பல்லாங்குழி. எனக்கு இதில் ரொம்ப நம்பிக்கை. டைப் 1-ல் சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசி, அந்தச் சாப்பாட்டில் இருக்கிற மாவுச்சத்தைப் பொறுத்தது. அதைக் கணக்குப் போடுவதுதான் வீட்டில் எல்லாரையும் திணறடிக்கும். ஒரு புளியங்கொட்டை 5 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தர அளவு இட்லி ஒன்றுக்கு, உங்கள் வீட்டுத் தட்டின் குழியைப் பொறுத்து, இரண்டு அல்லது மூன்று கொட்டை. சர்க்கரை போடாத ஒரு டம்ளர் பால், 200 மில்லி, இரண்டு கொட்டை. வறுத்த மீனுக்குக் கொட்டையே கிடையாது, முட்டைக்கும் கிடையாது, இதைக் கேட்டதும் பிள்ளைகள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். தட்டு முன்னால் வந்ததும் அவள் கொட்டையை எடுத்துக் குழியில் போடுவாள், காலைக்கு ஒரு குழி, மத்தியானத்துக்கு ஒன்று, சாயங்காலப் பலகாரத்துக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. எண்ணி ஐந்தால் பெருக்கினால் கிராம் வந்துவிடும், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்தாம் வாய்ப்பாடு தெரியும். எத்தனை கிராமுக்கு ஒரு யூனிட் என்பது டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பார், அந்தக் கணக்கு உங்களுடையது. இதையெல்லாம் செய்ய ஒரு சமையலறைத் தராசு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், அது செலவுக்குத் தகுதியான பொருள்.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பையனுக்கு இப்படித்தான் பலாப்பழம் திரும்பக் கிடைத்தது. சுற்றிலும் பலாத்தோப்பு, சீசன் வந்தால் வீடெல்லாம் வாசனை, இவனுக்கு மட்டும் ஒரு சுளைகூடக் கிடையாது என்று வைத்திருந்தார்கள், அவன் திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டு 400-ல் வந்து நிற்பான். கொட்டை எடுத்த சுளை 100 கிராமுக்கு ஏறக்குறைய 23 கிராம் மாவுச்சத்து. தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, ஐந்து புளியங்கொட்டை குழியில் போட்டு, அதற்குரிய ஊசியைப் போட்டுக்கொண்டு எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஒளித்துத் தின்பது அதோடு நின்றுவிட்டது.

போனில் ஆடுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சுகருக்காகக் கொடுத்த போன், இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காரவைக்கிற போனாக மாறிவிடக் கூடாது. தேவனாம்பட்டினத்தில் சில்வர் பீச் பக்கத்திலேயே இருக்கிறது, சாயங்காலம் மணலில் ஓடவிடுங்கள். ஓடுவதற்கு முன்னால் சுகர் பாருங்கள், பையில் குளுக்கோஸ் பவுடர் இருக்கட்டும். நன்றாக ஓடிய நாளில் சுகர் அப்போதே இறங்காமல் நடுராத்திரி இறங்கும், அன்று படுக்கும் முன் ஒரு தடவை கூடுதலாகப் பார்க்க வேண்டும். மாசி மகம் மாதிரி நாள் முழுக்க வெயிலிலும் கூட்டத்திலும் நடக்கிற நாட்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

இனி சென்சார். இது மேல்கையின் பின்பக்கத்தில் ஒட்டுகிற, ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டு. தோலுக்கு அடியில் முடி மாதிரி ஒரு மெல்லிய இழை இருக்கும். அதன் மேல் பூசிய என்சைம், திசுக்களுக்கு இடையே உள்ள நீரில் இருக்கும் குளுக்கோஸோடு சேரும்போது சின்னதாக ஒரு மின்னோட்டம் உண்டாகும், அதைக் கணக்கிட்டுத்தான் சுகர் என்று காட்டுகிறது. நம் ஊரில் அதிகம் பார்ப்பது ஃப்ரீஸ்டைல் லிப்ரே. ஒன்று 14 நாள் வரும், 4 வயதுக்கு மேல் போடலாம். சில மாடலில் போனைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினால்தான் எண் வரும், அதிலும் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது காட்டாவிட்டால் நடுவில் உள்ள விவரம் போய்விடும். வேறு சில மாடல்கள் ப்ளூடூத் வழியாகத் தானாகவே நிமிடத்துக்கு நிமிடம் அனுப்பும், இருபது முப்பது அடிக்குள் போன் இருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன்னால் உங்கள் போனில் என்எஃப்சி, அதாவது கிட்டே காட்டினால் சென்சாரைப் படிக்கிற வசதி, இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் அது இருக்காது, அது இல்லாமல் லிப்ரே சென்சாரை ஆரம்பிக்கவே முடியாது. பணம் கட்டி சென்சாரை வாங்கி வந்து, கையில் ஒட்டியும் விட்டு, அப்புறம் போன் ஒத்துவரவில்லை என்று தவித்தவர்கள் உண்டு. தனியாக ரீடர் கருவியும் இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு போன் கொண்டுபோக முடியாத பிள்ளைக்கு அதுவே வசதி.

சென்சார் காட்டுவது ரத்தத்தின் சுகர் இல்லை, அதனால் ஐந்து பத்து நிமிடம் பின்தங்கியிருக்கும். சும்மா இருக்கும்போது இது பெரிய விஷயமே இல்லை. சுகர் இறங்கும்போதுதான் சிக்கல். 70-க்குக் கீழே போனால் குழந்தையின் எடைக்கு, கிலோவுக்கு 0.3 கிராம் என்ற கணக்கில் சர்க்கரை கொடுக்கச் சொல்கிறோம். 25 கிலோ எடை என்றால் ஏழரை கிராம், சின்ன ஸ்பூனில் இரண்டு. கொடுத்துவிட்டு 15 நிமிடம் பொறுக்க வேண்டும். இங்கேதான் அம்மாக்கள் பதறுவார்கள். சென்சார் இன்னும் 62 என்றே காட்டிக்கொண்டிருக்கும், இன்னும் இரண்டு ஸ்பூன், அப்புறம் ஒரு ஜூஸ், அப்புறம் ஒரு சாக்லேட், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 320. ஆகவே லோ ஆனால், அதாவது சுகர் 70-க்குக் கீழே இறங்கினால், விரலில் குத்திப் பார்த்து உறுதி செய்யுங்கள், கொடுத்த பிறகும் விரலில்தான் பாருங்கள். மயங்கி விழுந்த குழந்தைக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

ராத்திரி இன்னொன்று நடக்கும். அவள் அந்தக் கையை அழுத்திப் படுத்தால் சென்சார் பொய்யாக 50, 55 என்று காட்டும். அலாரம் அலறும், நீங்கள் தூக்கத்திலிருந்து பதறி எழுந்து சர்க்கரை கொடுப்பீர்கள். திருப்பிப் படுக்க வைத்துவிட்டு விரலில் பார்த்தால் 130 இருக்கும். நம் கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையால் ஓரம் பிரிந்துகொள்ளும் பிரச்சினையும் உண்டு. ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும், தேங்காய் எண்ணெய், லோஷன் எதுவும் அந்த இடத்தில் கூடாது. மேலே மருத்துவ டேப் ஒட்டும்போது நடுவில் இருக்கும் சின்ன ஓட்டையை மூடிவிடாதீர்கள். டேப்பில் அவளுக்குப் பிடித்த படத்தை அவளே வரையட்டும், பள்ளியில் இது என்ன என்று கேட்கிறவர்களிடம் படத்திலிருந்து பேச்சை ஆரம்பிப்பாள்.

இப்போது துபாயில் இருக்கும் அப்பா. லிப்ரேலிங்க்அப் என்ற ஆப்பில் வீட்டார் 20 பேர் வரைக்கும் ஒரு குழந்தையின் எண்ணைப் பார்க்கலாம். 20 பேர் வேண்டாம், அப்பா ஒருவர் போதும். இந்த மாதிரித் தொலைவிலிருந்து பார்க்கும் வசதியே ஒரு அப்பாவிடமிருந்துதான் பெரிதாகப் பரவியது. 2013-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜான் காஸ்டிக் என்ற மென்பொருள் பொறியாளர், நாலு வயது மகனின் சென்சார் எண்ணைத் தன் அலுவலகத்திலிருந்து பார்க்க வழியில்லாமல், தானே நிரல் எழுதி இணையத்துக்கு ஏற்றினார். அதைப் பார்த்த மற்ற பெற்றோர்களும் பொறியாளர்களும் சேர்ந்து 'நைட்ஸ்கவுட்' என்று இலவசமாக எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். கம்பெனிகள் தங்கள் ஆப்பில் இந்த வசதியைக் கொண்டுவருவதற்கு முன்பே வீட்டார் செய்துகாட்டிய வேலை அது.

ஆனால் இதே வசதி வீட்டுக்குள் சண்டையையும் கொண்டுவரும். அங்கே ஓய்வு நேரத்தில் போனைத் திறந்து 240 பார்த்ததும் இங்கே அழைப்பு வரும், "என்ன கொடுத்தே அவளுக்கு?" நாள் முழுக்க ஊசியும் தராசுமாக நிற்கிற பெண்ணுக்கு அந்த ஒரு கேள்வி எவ்வளவு சுடும் என்று எனக்குத் தெரியும். குழந்தைக்கும் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று தோன்றிவிடும், சென்சாரைப் பிய்த்துப் போட்ட பிள்ளைகள் உண்டு. ஆகவே ஒட்டுவதற்கு முன்பே அவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மகளிடம் பேசும்போது முதலில் பள்ளிக்கூடம், தோழிகள், என்ன விளையாடினாய், சுகர் பேச்சு அதற்கப்புறம்தான், அதுவும் இன்று எத்தனை தடவை சரியாக ஊகித்தாய் என்றுதான். உயர்ந்த எண்ணைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் உங்களிடம், வாரம் ஒருமுறை, வரைபடத்தை இருவரும் திறந்து வைத்துக்கொண்டு. அவருக்கு உண்மையான ஒரு பொறுப்பும் கொடுங்கள். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், இங்கே ராத்திரி பதினொன்றரை என்றால் அங்கே பத்துதான். முன்னிரவு லோ அலாரம் அவர் பொறுப்பு, வந்தால் அவர் உங்களை அழைத்து எழுப்பட்டும், அதுவரை நீங்கள் தூங்குங்கள். சுகர் ஏறுகிற அலாரத்தை ஆரம்பத்தில் 250 மாதிரி உயரத்தில் வையுங்கள், 180-ல் வைத்தால் நாள் முழுக்க அடித்து, ஒரு வாரத்தில் யாருமே அதைக் காதில் வாங்க மாட்டீர்கள்.

சென்சாரில் பார்க்க வேண்டியது தனித்தனி எண்ணைவிட, ஒரு நாளில் எவ்வளவு நேரம் 70-க்கும் 180-க்கும் நடுவில் இருந்தாள் என்பது. 70 சதவீத நேரத்துக்கு மேல் இருந்தால் நல்லது என்பது பொதுவான இலக்கு. ஆரம்பத்தில் 40, 45 வந்தாலும் கவலைப்படாதீர்கள், போகப் போக ஏறும்.

செலவு விஷயத்தில் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒரு சென்சார் சில ஆயிரம் ரூபாய், மாதம் இரண்டு வேண்டும். வருடம் முழுக்கப் போட முடிந்தால் போடுங்கள், ராத்திரி பயம் பெருமளவு குறையும். முடியாவிட்டால் குற்ற உணர்ச்சியே வேண்டாம். டாக்டர் ஊசி அளவை மாற்றும்போது ஒன்று, பரீட்சை சமயத்தில் ஒன்று, ராத்திரி அடிக்கடி லோ ஆகிறது என்று சந்தேகம் வந்தால் ஒன்று, இப்படி விட்டுவிட்டுப் போட்டாலே நிறையத் தெரியவரும். சென்சாருக்காகக் கடன் வாங்கி, மீட்டரில் செருகுகிற ஸ்ட்ரிப் வாங்கக் காசில்லாமல் நிற்பதுதான் தப்பு. சென்சாரோடு பேசித் தானாக இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் பம்புகளும் இந்தியாவில் வந்துவிட்டன, விலை லட்சங்களில், மாதச் செலவு தனி. இப்போதே அதை யோசிக்க வேண்டாம்.

கடலூரில் இருப்பவர்கள் புயலைக் கணக்கில் வைத்துத்தான் எந்தக் கருவியையும் நம்ப வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் அடித்த பிறகு மாவட்டத்தில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று உங்களுக்கே தெரியும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை, அப்புறம் தென்பெண்ணை வெள்ளம் உங்கள் பக்கம். சார்ஜ் போன போன், டவர் இல்லாத ஊர், அப்போது எந்த ஆப்பும் பேசாது. அக்டோபர் பிறந்ததும் மீட்டர், ஒரு மாதத்துக்கு ஸ்ட்ரிப், மாற்று பேட்டரி, குளுக்கோஸ், ஊசி அளவை எழுதிய தாள் எல்லாம் தண்ணீர் புகாத டப்பாவில் தயாராக இருக்க வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், திறந்தது 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் நாலு வாரம் வரை தாங்கும். ஃப்ரிட்ஜ் நின்றுபோனால், பெரிய மண்பானைக்குள் ஈர மணலைப் போட்டு அதன் நடுவில் சின்னப் பானையை வைத்து, இன்சுலினை ஈரம் படாமல் அதற்குள் வைத்து மூடுங்கள். ஐஸில் நேராக வைக்காதீர்கள், உறைந்துபோன இன்சுலின் வேலை செய்யாது.

பள்ளிக்கூடத்தைப் பற்றி இரண்டு வரி. வகுப்பு டீச்சரிடம் நேரில் போய்ப் பேசுங்கள், லோ ஆனால் என்ன செய்வது என்று ஒரே ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கொடுங்கள். வகுப்பில் சுகர் பார்க்கவும், ஊசி போடவும், ஏதாவது சாப்பிடவும் இந்தக் குழந்தைகளை அனுமதிக்க வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது, சிபிஎஸ்இ 2017-லேயே பொதுத்தேர்வு அறைக்குள் தின்பண்டம் கொண்டுபோக அனுமதித்துவிட்டது. மறுத்தால் இவற்றைச் சொல்லுங்கள்.

ஆக, இந்த மாதம் பல்லாங்குழியும் தராசும். விரலை மடக்குவது கொஞ்சம் குறைந்ததும் முதல் சென்சார், அதையும் ஒரு விடுமுறை நாள் காலையில், அவளையே எந்தக் கை என்று கேட்டு ஒட்டுங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது 14 நாள் வரைபடத்தோடு, அந்தந்த நாளில் எத்தனை கொட்டை என்ற கணக்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் ஊசியின் அளவைத் திருத்த இரண்டும் வேண்டும். சென்சார் மாடலையும் உங்கள் போன் எது என்பதையும் சொன்னால், அலாரத்தையும் அப்பாவின் ஆப்பையும் அமைப்பது எப்படி என்று தனியாக எழுதுகிறேன்.